பெயர் தொலைத்த வெள்ளிக் கரண்டிகள்

பெயர் நின்று பொருள் மறைவது ஒருவகை இழப்பு. பொருள் நின்று பெயர் மறைவது மற்றொருவகை இழப்பு. தமிழ் பயில்வோர் முதல் வகையை நன்கு அறிவர். பேரியாழ், சீறியாழ் என்னும் பெயர்கள் சங்கப் பாடல்களில் நின்றன; கருவியோ கைவிட்டுப் போயிற்று. பாட்டையும் உரையையும் துணைக்கொண்டு அதன் வடிவையும் நரம்புகளையும் மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய 'யாழ் நூல்' 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. இரண்டாம் வகை இழப்பைக் காண விரும்புவோர் ஏட்டுச் சுவடிகளை விட்டு அடுக்களைக்கும் உணவு மேசைக்கும் செல்லவேண்டும். அங்கே பொருள் கைக்கு அகப்படும். எதற்காகச் செய்தார்கள் என்பது மட்டும் அகப்படாது. இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் கரண்டிகளுள் சில அத்தகையவை. அவற்றின் பயன் யாது என்னும் வினா கேட்பதற்குச் சிறியது. அதற்கு விடை தேடிய வரலாறு அத்துணைச் சிறியதன்று.

அவற்றுள் ஒன்று தேநீர்க் கரண்டியின் அளவினது. சற்றே நீளம் மிக்கது. அதன் குழிவு முழுவதும் துளைகள். மிகப் பழையனவற்றில் அவை வெறும் வட்டத் துளைகள். பின்னர் வந்தவற்றில் சிலுவைகளாகவும் கொடிச்சுருள்களாகவும் அழகுபட அறுக்கப்பட்டவை. காம்போ பிற கரண்டிகளைப் போலத் தட்டையாக அகன்று முடியவில்லை. உருண்டு, மெலிந்து, ஊசிபோல் நீண்டு, நுனியில் அம்பு முனையோ வேல் முனையோ போன்ற சிறு கூர்மையில் முடிகிறது. சல்லடையும் ஊசியும் ஒரே உடம்பில் பொருந்திய இவ்வமைப்பு, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தது. ஏறத்தாழ நூறாண்டு வாழ்வு. அதைச் செய்தவரும் வாங்கியவரும் அதன் பயனை விளக்கி எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை. தினமும் கையாளும் பொருளுக்கு உரை எழுதுவார் யார்?

பின்வந்தோர் அதைக் கண்டு திகைத்தனர். ஊசியைக் கண்டவர், சாடியிலிருந்து ஒலிவக் காயைக் குத்தியெடுக்க என்றனர். துளைகளைக் கண்டவர், அக்காயின் உப்புநீர் வடிவதற்கு என்று அதற்கு வலுவூட்டினர். முசுக்கட்டைப் பழத்திற்கான கரண்டி என்று வேறொரு சாரார் கூறினர். இரண்டு விளக்கங்களும் கரண்டியின் வடிவத்தோடு பொருந்துகின்றன என்பதை மறுக்க இயலாது. இடர்ப்பாடு அதுவே. வடிவம் ஒன்று எத்தனையோ வேலைகளுக்கு இசையும். இசைகிறது என்பதனாலேயே அவ்வேலைக்காகச் செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. சொல்லுக்குப் பொருள் காண்கையில் வேர்ச்சொல் ஒலியை மட்டும் நம்பியோர் சென்றடைந்த குழிகளைத் தமிழறிஞர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

விடையை நோக்கி வழிகாட்டியவை மூன்று சான்றுகள். மூன்றும் கரண்டிக்கு வெளியே கிடைத்தவை. முதலாவது ஒரு விளம்பரம். 1697-ஆம் ஆண்டின் 'லண்டன் கெசட்' இதழில், ஒடுங்கிய கூர்க்காம்புடைய நீண்ட தேநீர்க் கரண்டிகள், வடிகட்டும் கரண்டிகள் பற்றிய குறிப்பு வருகிறது. பழங்காலத்துப் பெயர் அங்கே மாறாமல் கிடக்கிறது: அது தேநீர்க் கரண்டி. ஒலிவமும் இல்லை, முசுக்கட்டையும் இல்லை. இரண்டாவது சான்று பெட்டி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் செல்வர் இல்லங்களுக்கெனத் தேயிலைக் கலங்களையும் கரண்டிகளையும் ஒரே உறைப்பெட்டியில் அடக்கி விற்றனர். கலையாமல் எஞ்சிய சில பெட்டிகளில் பன்னிரண்டு தேநீர்க் கரண்டிகள், சர்க்கரை எடுக்கும் இடுக்கி ஒன்று, அவற்றோடு இத்துளைக் கரண்டி ஒன்று அதனதன் குழியில் கிடக்கின்றன. பன்னிருவர் அருந்த ஒன்று போதும் என்பதும் அதனால் விளங்குகிறது. எனவே அது அருந்துவோர் கைக்கருவியன்று, பரிமாறும் இல்லத்தலைவியின் கைக்கருவி. மூன்றாவது சான்று காலம். இங்கிலாந்தில் தேநீர் வழக்கம் வேரூன்றிய காலத்தை ஒட்டி இக்கரண்டி தோன்றியது; கிண்ணத்தின்மேல் வைக்கும் தனி வடிகட்டி பரவியபோது இது மறைந்தது. ஒன்று வர மற்றொன்று போவதைப் போன்ற தெளிவான சான்று பொருள் வரலாற்றில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

அக்காலத்துத் தேநீரின் நிலையை அறிந்தால் இவற்றின் பொருத்தம் இன்னும் நன்றாகப் புலப்படும். சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை அலுவலர் தாம் முன்பு அருந்தியறியாத சீனப் பானமாகிய தேநீரை வரவழைத்துக் குடித்ததைத் தம் நாட்குறிப்பில் 1660 செப்டம்பர் 25 அன்று எழுதிவைத்தார். அது எழுதிவைக்கத்தக்க நிகழ்ச்சியாக இருந்தது. தேயிலை கப்பலேறிச் சீனத்திலிருந்து வந்தது, விலை மிகுந்தது, பூட்டுள்ள பேழையில் காக்கப்பட்டது. 1727 அளவில் ரிச்சர்ட் காலின்ஸ் வரைந்த ஒரு குடும்பச் சித்திரத்தில், தேநீர் அருந்தும் மூவரின் முகங்களுக்குக் குறையாத மதிப்போடு கெண்டி, தேயிலைக் கலம், இடுக்கி, வெந்நீர்க் குவளை, கரண்டிகள் கிடக்கும் ஓடம் போன்ற தட்டு ஆகியவை வரிசையாக வரையப்பட்டுள்ளன. சொத்தைக் காட்டும் படம் அது. அத்துணை விலை கொடுத்து வாங்கிய தேயிலையில் தூசியும் காம்பும் இருந்தன. வேறு இலைகளைக் கலந்து விற்போரைத் தண்டிக்க 1725-இலேயே சட்டம் செய்யவேண்டியிருந்தது. கெண்டியின் மூக்கு வழியே பானத்தோடு துரும்பும் வந்து கிண்ணத்தில் மிதந்தது. விருந்தினர் முன் அதை விரலால் எடுக்க இயலாது. துளைக் கரண்டி அத்துரும்பை அள்ளிற்று. நீர் துளைவழியே கீழிறங்கிற்று. கெண்டியின் உட்புறத்தே மூக்கின் அடியில் உள்ள சிறு துளைகளை இலை அடைத்துக்கொண்டபோது, கூர்க்காம்பு அந்த அடைப்பைக் குத்தி நீக்கிற்று.

இவ்விளக்கத்தின் பின்பகுதியை ஐயுறுவோர் உண்டு. வளைந்த மூக்கினுள் நேரான ஊசி எங்ஙனம் செல்லும் என்பது அவர்தம் தடை. ஊசி மூக்கின் வழியே செல்லவேண்டியதில்லை, மூடியைத் திறந்து உள்ளிருந்தே துளைகளைக் குத்தலாம் என்பது மறுமொழி. உலர்ந்த இலையைக் கலத்திலிருந்து அள்ளும்போதே பொடியைச் சலித்துவிடுவதற்காகத் துளைகள் அமைந்தன என்போரும் உளர். ஒரு கரண்டி மூன்று வேலையும் செய்திருக்கலாம். வீட்டுக் கருவிகளை ஒரே வேலைக்கு உரியவை என்று கட்டுப்படுத்துவது அருங்காட்சியகத்தின் பழக்கம்; வீட்டின் பழக்கம் அன்று. தேங்காய் உடைத்த அரிவாளாலேயே கூரையின் ஓலையையும் கழித்த கைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

கரண்டி நூல்களில் அதற்கு இன்று வழங்கும் பெயர் 'மோட்' கரண்டி. 'மோட்' என்பது ஆங்கில விவிலியத்தில் அயலான் கண்ணில் கிடப்பதாகச் சொல்லப்படும் துரும்பு. தமிழ் விவிலியத்திலும் அவ்விடத்தில் துரும்பு என்றே வழங்குகிறது. ஆகவே 'துரும்புக் கரண்டி' என்பது நேர் பெயர். ஆயினும் அது சேகரிப்போர் பிற்காலத்தில் சூட்டிய பெயர். உரையாசிரியன் இட்ட பெயரை மூலநூலின் பெயராகக் கொள்வதில் தவறில்லை. அவன் இட்டது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

கூர்க்காம்பு என்னும் உறுப்பு புதிதன்று. ரோமானியர் பயன்படுத்திய சிறு கரண்டியொன்றுக்கும் காம்பு ஊசியாகவே முடிந்தது. அதன் இலத்தீன்ப் பெயர் நத்தை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. நத்தையை ஓட்டிலிருந்து கூர்முனையால் குடைந்து எடுக்க அது பயன்பட்டது என்பது பெயரே கூறும் செய்தி. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல், விருந்துப் பரிசுகளைப் பற்றிய தம் ஈரடிப் பாக்களுள் ஒன்றில் இக்கரண்டியையே பேசவைத்தார். நத்தைக்கு உதவும் தான் முட்டைக்கும் அதனினும் குறையாமல் உதவுவதாகச் சொல்லும் கரண்டி, பின்னர் ஏன் நத்தையின் பெயரால் மட்டும் தன்னை அழைக்கிறார்கள் என்று வினவுகிறது. பெயர் ஒரு வேலையைச் சொல்ல, கை வேறு வேலையும் செய்துகொண்டிருந்தது. அம்முரண் அக்காலத்தவர்க்கே நகைப்பூட்டியது.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி மேலும் ஒரு செய்தி தருகிறார். முட்டையையோ நத்தையையோ உண்டபின் அதன் ஓட்டை உடனே நொறுக்கிவிடுவர், அல்லது அக்கரண்டியாலேயே துளைத்துவிடுவர். எஞ்சிய ஓட்டைக் கொண்டு எவரேனும் சூனியம் வைத்துவிடக்கூடும் என்னும் அச்சத்தை ஒட்டிய வழக்கம் அது. கூர்முனையை எத்துணை நுணுகி ஆராய்ந்தாலும் இவ்வேலை அதில் எழுதியிருக்காது. பிளினி ஒரு வரி எழுதாமல் போயிருந்தால், அச்சம் ஒன்று உலகத்தை விட்டுத் தடமின்றி மறைந்திருக்கும்.

இங்கிலாந்தின் மண்ணிலிருந்தே ரோமானியக் கரண்டிகள் பெருந்தொகையாக வெளிப்பட்டது 1992 நவம்பரில். சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் என்னும் ஊரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடித் தருமாறு உழவர் ஒருவர் கேட்க, உலோகம் காட்டும் கருவியோடு சென்றவர் புதையலைக் கண்டார். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்களோடு 78 கரண்டிகளும் 20 அகப்பைகளும் இருந்தன. நாணயங்களின் காலத்தைக் கொண்டு, புதைத்தது 407-க்குப் பின் என்று துணிந்தனர். தேடிச் சென்ற சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்குள்ள பொருள்களில் தன் பெயரையும் பயனையும் பற்றி எவர்க்கும் ஐயம் எழாத பொருள் அச்சுத்தியலே எனலாம்.

ஒரு கரண்டியின் பயனை அறிவது சமையற்கட்டுச் செய்தி அளவில் நின்றுவிடுவதில்லை. அதே சஃபோக் மாவட்டத்தில் சட்டன் ஹூ என்னும் இடத்தில் 1939-இல் அகழப்பட்ட கப்பற் புதைகுழி இதற்குச் சான்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்குழியில் பத்து வெள்ளிக் கிண்ணங்களும் அவற்றினருகே ஓரிணை வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. கிழக்கு ரோமப் பேரரசிலிருந்து வந்த அக்கரண்டிகளின் காம்பில் கிரேக்க எழுத்துகள்: ஒன்றில் பவுலோஸ், மற்றொன்றில் சவுலோஸ். கிறித்தவரைத் துன்புறுத்திய சவுல், மனம் மாறிப் பவுல் ஆனார் என்பது விவிலிய வரலாறு. ஆகவே இக்கரண்டிகள் மதம் மாறிய ஒருவர்க்குத் திருமுழுக்கின்போது அளித்த பரிசு என்று முதலில் கருதினர். குழியில் கிடந்தவர் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் ரெட்வால்ட் ஆகலாம் என்பது பலர் கருத்து. அவர் கெண்ட் நாட்டில் திருமுழுக்குப் பெற்று, ஊர் திரும்பியபின் ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கும் பழைய தெய்வங்களுக்கும் இரண்டு பீடங்கள் வைத்திருந்தார் என்று பீட் என்னும் துறவி எழுதியுள்ளார். கரண்டிகளும் அக்கதையோடு அழகாக ஒத்துப்போயின.

அழகாக ஒத்துப்போனதே ஐயத்திற்கும் இடமாயிற்று. இரண்டாவது கரண்டியின் எழுத்து முதற்கரண்டியினும் திருத்தம் குறைந்தது. பவுலோஸ் என்பதையே பார்த்து வெட்டிய கைவினைஞன் முதலெழுத்தில் பிழைசெய்தான், சவுலோஸ் என ஒரு பெயரை எவரும் கருதவே இல்லை என்று 1960-களில் மறுத்துரைத்தனர். ஓரெழுத்து. அது சரியாயின் ஓர் அரசனின் சமயம் புலனாகிறது; பிழையாயின் அங்கே இருப்பவை நல்ல வெள்ளிக் கரண்டிகள் இரண்டு, அவ்வளவே. பாடபேதம் பார்த்துப் பழகிய கண்களுக்கு இவ்வழக்கின் சுவை எளிதில் புலப்படும். ஏடெழுதியவன் கையும் வெள்ளி வெட்டியவன் கையும் ஒரே வகையில் சறுக்குபவை.

வெள்ளியில் உள்ள எழுத்து எல்லாம் பெயரெழுத்து அன்று. இங்கிலாந்தின் வெள்ளிப் பொருள்களில் தரமுத்திரைகள் உண்டு. சிறுத்தைத் தலை 1300 முதலும், ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1478 முதலும், நடக்கும் சிங்கம் 1544 முதலும் வழக்கில் வந்தன. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்குச் சிங்கம் பிணை. இத்துணை ஒழுங்கான பதிவு உலகில் வேறு எந்தக் கைத்தொழிலுக்கும் எளிதில் காண இயலாது. எனினும் இம்முத்திரைகள் உரைப்பது உலோகத்தின் தரம், சோதித்த இடம், ஆண்டு, செய்தவர் அடையாளம் ஆகியவற்றையே. எதற்கு என்னும் வினாவுக்கு அவை வாய்திறப்பதில்லை. துரும்புக் கரண்டி போன்ற சிறு பொருள்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் செய்தவர் அடையாளமும் சிங்கமும் ஆகிய இரண்டே பொறிக்கப்பட்டன. ஆண்டெழுத்தும் இல்லாத கரண்டி, தந்தை பெயர் சொல்லி வயது சொல்லாத பிள்ளையைப் போன்றது.

பேசாத முத்திரையைவிடப் பொய் பேசும் முத்திரை கொடியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அணி ஏதுமின்றிச் செய்யப்பட்ட பெரிய கரண்டிகள் பலவற்றை விக்டோரியா காலத்து வெள்ளித்தட்டார்கள் எடுத்து, குழிவில் பழங்களையும் இலைகளையும் புடைப்பாக அடித்து, பொன்முலாம் பூசி, பழக் கரண்டிகளாக விற்றனர். முத்திரை 1770 என்னும். பழம் நூறாண்டு பிந்தியது. முத்திரையை மட்டும் படித்தவர், ஜார்ஜ் மன்னர் காலத்தில் இத்தகைய பழக் கரண்டி வழங்கியதாக எழுதிவிடுவார். அத்தட்டார்களை முழுதும் குறைகூற இயலாது; பழைய நகையை அழித்துப் புதுநகை செய்வதைப் போல, தம் காலத்தார் விரும்பியதைச் செய்தனர். சேகரிப்போர் பெருகி, துரும்புக் கரண்டிக்கு விலை ஏறியபின் நடந்ததோ வேறு. சாதாரணத் தேநீர்க் கரண்டியின் குழிவில் துளையிட்டு, தட்டைக் காம்பை அடித்து ஊசியாக்கி, பழமை என்று விற்கும் கூட்டம் தோன்றிற்று.

அதைக் கண்டறியும் முறை எளியது, பழகிய கண்ணுக்கு. காம்பை அடித்து நீட்டும்போது அதன்மேல் உள்ள சிங்கமும் நீளும். இயல்பான வடிவம் இழந்த சிங்கம் கள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். நூறாண்டுத் துடைப்பில் பழைய துளைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். புதுத்துளை விரலை உறுத்தும். குழிவின் நுனி தேய்ந்த தேய்வுக்கும் துளைகளின் கூர்மைக்கும் பொருத்தம் இல்லையாயின் இரண்டும் ஒரே காலத்தன அல்ல. முத்திரை பெற்ற பொருளை மீண்டும் சோதனைக்கு உட்படுத்தாமல் வேறு பொருளாக மாற்றி விற்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஐயத்திற்குரிய பழம்பொருள்களை ஆராய்வதற்கென லண்டன் பொற்கொல்லர் மன்றம் 1939-இல் ஒரு குழுவையே அமைத்தது. பணம் கொடுத்து ஏமாந்தவரின் இழப்பு பெரிதன்று. பொய்க் கரண்டி ஒன்று நூலில் படமாக ஏறிவிட்டால், அதைக் கண்டு அடுத்த கரண்டிக்குப் பெயர் சூட்டுவர். இடைச்செருகல் பாடலைக் கொண்டு புலவரின் காலத்தைக் கணிப்பது போல ஆகும்.

வேறு சில கரண்டிகளைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. இருபுறமும் ஒடுங்கிய வாய்க்கால் போல் அமைந்து, ஒருபுறம் அகலமும் மறுபுறம் குறுக்கமும் உடைய நீண்ட கருவி, முதற்பார்வைக்கு அறுவை மருத்துவருடையது போல் தோன்றும்; அது சுட்ட எலும்பின் உள்ளிருந்து மூளைச்சாற்றைத் தோண்டி உண்பதற்கானது. எலும்புகளின் துளை ஒரே அளவினதாக இராமையால் இரண்டு அகலம். குழிவின் ஓரத்தில் பாலம் போன்ற தகடு பொருத்திய கரண்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆடவரின் அடர்ந்த மீசை குழம்பில் நனையாமல் காத்தது. குதிரையோட்டியின் தொப்பி வடிவில் அமைந்த சிறு வெள்ளிப்பொருள் விளையாட்டுப் பொம்மை அன்று. தேயிலைக் கலத்திலிருந்து இலையை அளந்து அள்ளும் கரண்டி. அக்கலத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேடி' என்னும் பெயர், 'காத்தி' என்னும் மலாய் எடைப் பெயரின் திரிபு. சரக்கோடு சொல்லும் கப்பலேறியது.

குழிவுக்கு மூடியும், காம்பில் துளையும் உடைய கரண்டி ஒன்று இவற்றினும் வியப்பூட்டுவது. சார்ல்ஸ் கிப்சன் என்னும் லண்டன் கைவினைஞரின் பெயரால் அறியப்படும் அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. மருந்தை ஊற்றி மூடியை மூடிக் காம்பின் துளையைப் பெருவிரலால் அடைத்தால் சொட்டுகூட வெளிவராது. பிள்ளையின் நாவுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலை எடுத்தால் முழுவதும் இறங்கிவிடும். மருந்து என்பது விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்து, மடியில் கிடத்தி, சங்கால் புகட்டப்பட்ட அனுபவம் உள்ளவர்க்கு இக்கரண்டியின் பயனை எவரும் விளக்கவேண்டா. ஆங்கிலேயர் குழந்தைக்குக் கூழ் புகட்டிய, காலில்லாத ஓடம் போன்ற வெள்ளிக் கிண்ணமும் அத்தகையதே. அங்கே அது கண்ணாடிப் பேழையில் விளக்கச் சீட்டோடு இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுப் பாட்டி ஒருவரிடம் காட்டினால், சீட்டைப் படிக்காமலே பாலாடை என்று சொல்லிவிடுவார். வழக்கம் உயிரோடு இருக்கும் இடத்தில் பொருள் விடுகதையாவதில்லை.

அமெரிக்காவில் இச்சிக்கல் தலைகீழாக நேர்ந்தது. 1859-இல் நெவாடாவில் பெரும் வெள்ளிச் சுரங்கம் வெளிப்பட்டபின் அந்நாட்டில் வெள்ளி மலிந்தது. தொழிற்சாலைகள் அதைக் கரண்டிகளாகவும் முட்கரண்டிகளாகவும் மாற்றிக் குவித்தன. மத்தி மீனுக்கு ஒன்று, தக்காளித் துண்டுக்கு ஒன்று, உருளைக்கிழங்கு வறுவலை அள்ளுவதற்கு ஒன்று என்று புதுப்புதுப் பொருள்கள். டவுல் நிறுவனத்தின் ஒரே அலங்கார வகையில் 131 வேறுவேறு பொருள்கள் இருந்தன. முன்னது வழக்கம் பிறந்து அதற்குக் கரண்டி பிறந்த கதை. இங்கே கரண்டி பிறந்து, அதற்குரிய வழக்கத்தைத் தேடிற்று. பல வாங்கியவரின் மேசையைக்கூடக் காணாமல் பெட்டியிலேயே கிடந்தன. 1920-களில் வணிக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரின் முயற்சியால், புதிய வகை ஒன்றில் 55-க்கு மேற்படாமல் நிறுத்திக்கொள்ள உற்பத்தியாளர் இசைந்தனர். இவற்றுக்குப் பெயர் காண்பது அரிதன்று; நிறுவனங்களின் படப்பட்டியலில் ஒவ்வொன்றும் தன் பெயரோடு அச்சாகியிருக்கிறது.

பட்டியலும் பெட்டியும் விளம்பரமும் இல்லாத கரண்டி ஒன்று லண்டன் கோபுரத்தில் இருக்கிறது. வெள்ளியில் செய்து பொன் பூசிய அது பன்னிரண்டாம் நூற்றாண்டினது. இரண்டாம் ஹென்றி அல்லது முதலாம் ரிச்சர்டு மன்னர் காலத்தது என்பர். அதன் குழிவு நடுவில் ஒரு வரம்பால் இரண்டாகப் பிரிந்துள்ளது. 1349-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கணக்கில் முதன்முதல் குறிக்கப்படும்போதே அது பழம்பாணியினது என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்க்கே அதன் தொடக்கம் எட்டாத தொலைவில் இருந்தது போலும். திருப்பலிக் கிண்ணத்தில் திராட்சை இரசத்தோடு நீர் கலப்பதற்காகச் செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. மன்னர்க்கு முடிசூட்டும்போது பேராயர் தம் விரல்களைத் தோய்த்து எண்ணெய் பூசுவதற்கு இரண்டு குழிகள் வசதியானவை என்பதும் உண்மை. 1603-இல் முதலாம் ஜேம்ஸின் முடிசூட்டு விழாவில் அப்பணியை அது செய்தது உறுதி. அதற்கு முன் செய்த பணி எதுவாயினும், பின்னர் அதற்கு வேறு பணி இல்லை.

1649-இல் மன்னர் சார்ல்ஸ் தலையிழந்தபின், முடிகளையும் செங்கோல்களையும் பாராளுமன்றத்தார் உருக்கவும் விற்கவும் செய்தனர். இக்கரண்டியை அரண்மனை ஆடைச்சாலை அலுவலர் கிளெமென்ட் கின்னர்ஸ்லி பதினாறு ஷில்லிங்கு கொடுத்து வாங்கினார். உலையில் விழாமல் தப்பியது அப்பதினாறு ஷில்லிங்கினால். முடியாட்சி மீண்டபின் இரண்டாம் சார்ல்ஸின் 1661 முடிசூட்டுக்காக அவர் அதைத் திருப்பியளித்தார். அப்போது காம்பில் சிறு முத்துகள் பதிக்கப்பட்டன. அரசவைப் பொற்கொல்லர் வேலையில் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து அந்நாட்டில் எஞ்சியது இஃது ஒன்றே. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்ல்ஸின் முடிசூட்டு விழாவிலும் கழுகு வடிவப் பொற்கலத்திலிருந்து இதன் குழிவில் எண்ணெய் வார்க்கப்பட்டது. அச்சடங்கு மட்டும் திரைகளுக்குள் நடந்தமையால், உலகெங்கும் விழாவைக் கண்டுகொண்டிருந்தோர் அக்கரண்டி தன் பணியைச் செய்ததைக் காணவில்லை.